எதிரெதிர்க் கடை, ஒரே மேடு

"ரெண்டு வண்டியும் சேத்துல மாட்டிக்கிட்டா, எது எதை இழுக்கும் பெரியப்பா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் நடுவே சின்ன சகலையின் மகள் இப்படிக் கேட்டுவைத்தாள். அக்காளைக் கட்டியவர் பெரிய சகலை, தங்கையைக் கட்டியவர் சின்ன சகலை. ஒரே சாலையில் எதிரெதிர் ஷோரூம்களில் இருவரும் வண்டி விற்பவர்கள். இரண்டு கடையிலும் நாலு சக்கரமும் இழுக்கும் நடுத்தர எஸ்யூவிதான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்றால் இவர்களுக்குத் தத்தம் வண்டி.

"எங்க வண்டிதான்!" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

"ரெண்டும் மாட்டிக்கிட்டா நீங்க ரெண்டு பேரும்தான் இறங்கித் தள்ளணும். இப்பவே நல்லாச் சாப்பிட்டு வைங்க" என்றார் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சகலை மட்டும் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சில மாதங்களாக அவர் ஒரு வண்டிகூட விற்கவில்லை. குடிநீர் வாரியத்தின் ஆர்டரும் கைநழுவினால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். இதை அவர் மனைவியிடம் மட்டும்தான் சொன்னார். ஆனால் அக்கா தங்கைக்குள் ஒளிவுமறைவு ஏது?

வாரியத்து என்ஜினியர் விளம்பரத் தாள்களை நம்பாதவர். "மலைமேல இருக்குற தொட்டிகளைப் பாத்துட்டு வரணும். ரெண்டையும் தொட்டி மேட்டுக்குக் கொண்டு வாங்க. ஏறுற வண்டி எனக்கு" என்று சொல்லிவிட்டார்.

என்ஜினியர் குறித்த நாளன்று காலை பெரிய சகலை கடவுளை வேண்டிக்கொண்டு, கண்ணாடி போலத் துடைத்த வண்டியோடு மேட்டடிக்குப் போனார். முந்தின நாள் மழையில் களிமண் குழம்பிக் கிடந்தது. பாதி ஏற்றத்தில் குறுக்கே ஒரு பள்ளம். என்ஜினியர் அவரை அழைத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்க்க மேலே நடந்தார். போகிற வழியெல்லாம் தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றியே பேசித் தீர்த்தார் பெரிய சகலை. திரும்பி வந்தபோது சின்ன சகலை பெரியவருடைய வண்டிச் சக்கரத்தருகே குந்தி, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சகல, இறுக்கிக் கட்டுற? நடந்தே ஏறிடலாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"உங்க வண்டியைப் பின்னாலேர்ந்து தள்ளணும்ல, அதான்!"

முதலில் சின்ன சகலையின் வண்டி போனது. பள்ளம் வரை சிரமமில்லாமல் ஏறியது. பள்ளத்தில் முன்சக்கரம் ஒன்றும் எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரம் ஒன்றும் அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுழன்றன. எவ்வளவு முறுக்கியும் நகரவில்லை. மெல்லப் பின்வாங்கி இறங்கியது.

பெரிய சகலை தாழ்ந்த கியரைப் போட்டார். இரு பக்கச் சக்கரங்களும் சேர்ந்தே சுழலும்படி பூட்டும் பொத்தானை அழுத்தினார். டயர்கள் களிமண்ணை உடும்பாகப் பிடித்தன. வண்டி பள்ளத்தைத் தாண்டி, முக்கி முனகித் தொட்டியடியில் போய் நின்றது.

"இதான் நம்ம வண்டி" என்றார் என்ஜினியர்.

திரும்பும் வழியில் தார்ச்சாலையில் ஸ்டியரிங் கனத்தது. காற்றின் அளவு காட்டும் திரையைப் பார்த்தார். நாலு டயரிலும் பாதிக் காற்றுதான் இருந்தது. நின்ற இடத்தில் டயர் நசுங்கிவிடாமலிருக்க ஷோரூம் வண்டிக்குக் காற்றைக் கெட்டியாக அடித்து வைப்பார்கள். சேற்றுக்குப் போகுமுன், டயர் பரந்து பிடிக்கும்படி அதை இறக்கிவிட வேண்டும். துடைக்கிற மும்முரத்தில் அவர் அதை மறந்தே போயிருந்தார். கல்லாக இறுகிய டயரோடு போயிருந்தால் பள்ளத்தை எட்டுமுன்பே வழுக்கியிருப்பார். மறக்காமல் இறக்கியது யார்? சக்கரத்தருகே குந்தியிருந்தது ஒரே ஆள்தான்.

அடுத்த ஞாயிறன்று மெல்லத் தொடங்கினார். "சகல, அன்னிக்கு மேட்டுல..."

"ஐயோ, மறுபடியும் ஏறின கதையா? மாமியாருக்கே மனப்பாடம் ஆயிடுச்சு, விடுங்க!" என்று எழுந்து கைகழுவப் போய்விட்டார் சின்ன சகலை.

சில நாள் கழித்து ஒரு காலை. பெரிய சகலை கடையை அப்போதுதான் திறந்திருந்தார். மேலாளர் வரவில்லை. தொலைபேசி அடித்தது. கோழிப்பண்ணை நடத்தும் ஓர் அம்மாள்.

"குடிநீர் வாரியமே உங்க வண்டியத்தான் எடுத்திருக்காங்களாம். எங்களுக்கும் அதே போதும். பண்ணைக்கு வழியில ஓடை இருக்கு, தினம் தண்ணியில இறங்கி ஏறணும்."

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். பெரிய சகலை கண்ணாடி வழியே பார்த்தார். எதிரே சின்ன சகலை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மேடுன்னா எங்க வண்டிதான், சத்தியமாச் சொல்வேன். ஆனா தண்ணின்னா எதிர்க்கடை வண்டி. அதுக்குக் காத்து இழுக்குற வாய் உசரத்துல இருக்கு. ஓடை கொஞ்சம் ஏறினாலும் இன்ஜினுக்குள்ள தண்ணி போகாது. அங்க கேளுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"போட்டிக் கடைக்கு வழி காட்டுறீங்களே, நீங்க என்னங்க வியாபாரி?"

"சுமாரான வியாபாரிதாம்மா."

வைத்துவிட்டார். கடையில் வண்டிகளைத் தவிர யாருமில்லை. சற்று நேரத்தில் எதிர்க்கடைத் தொலைபேசி அடிக்கும் சத்தம் சாலையைத் தாண்டிக் கேட்டது. பெரிய சகலை சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணியை நனைத்து ஒரு வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.