இன்ஜினைக் காப்பாற்றிய தும்மல்

ஒரே ஒரு தும்மலால் ஒரு முழு இன்ஜினையே காப்பாற்றிவிட்டதாக டிரைவர் அறிவித்தபோது, பட்டறையின் மின்விசிறிகூட ஒரு சுற்று நின்று யோசித்துவிட்டுத்தான் மறுபடி சுற்றியது.

"தும்மலா?" என்றான் மெக்கானிக்.

"ஊரான் தும்மல் இல்லடா. என் தும்மல்."

டிரைவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெக்கானிக் அவர் மனைவியின் தம்பி. பல் டாக்டரிடம் வந்ததுபோல் பானெட்டை அகலத் திறந்துகொண்டு நடுவில் நின்றது டிரைவரின் கிழட்டு பிக்கப். மனைவியின் நாற்றுப் பண்ணைக்கு எருவும் செடியும் சுமப்பது அதன் பிழைப்பு. காலையில் பாலத்து உச்சியில் அது படுத்துவிட, மெக்கானிக் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தான்.

மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து முன்கூட்டியே தீர்ப்பு சொல்லிவிட்டிருந்தாள். "வால்வு வளைஞ்சிருந்தா ஒரு ஆணிகூட வாங்கறதில்ல. நேரா பழைய இரும்புக் கடைதான்."

டிரைவருக்கு அந்த வண்டிமேல் உயிர். வெளியே காட்டிக்கொள்வாரா என்ன?

"நம்மளது செயின் வண்டி. பெல்ட் வண்டி மாதிரி அறுந்து தொலையாது. செயின் என் ஆயுசுக்கும் உழைக்கும்."

மெக்கானிக் இன்ஜின் முன்மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் பட்டை, பல்லெல்லாம் கொட்டி, அறுந்து தொங்கியது.

"செயின் அக்கா கழுத்துல இருக்கு அத்தான். இங்க இருக்கறது டைமிங் பெல்ட். மாத்துங்க மாத்துங்கன்னு நான் தொண்டை கிழியக் கத்தினது இதைத்தான்."

"வண்டிய வித்த மனுஷன் செயின் பக்காவா இருக்குன்னு அடிச்சுச் சொன்னாரேடா."

மெக்கானிக் வண்டியின் பின்பக்கம் போனான். பின்கதவைத் தாங்கும் இரண்டு சங்கிலிகளையும் பிடித்துக் குலுக்கினான். கலகலவென்றது.

"இதைச் சொல்லியிருக்காரு. பக்காவாத்தான் இருக்கு."

மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் தாளம் போட்டுக் கொடுப்பதுதான் அந்தப் பட்டையின் வேலை. ஓட்டத்தில் அறுந்தால் தாளம் போச்சு. கீழிருந்து வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வுகளை அடித்து வளைத்துவிடும்.

"பாலத்து இறக்கத்துல பறந்திருப்பீங்க, பட்டுன்னு அறுந்திருக்கும். ஒரு வால்வும் நேரா இருக்காது."

"இறக்கமே வரலடா. உச்சியிலயே எரு தூசி மூக்குல ஏறிடுச்சு. ஓரங்கட்டி, நியூட்ரல் போட்டு, இன்ஜினை அணைச்சிட்டுத் தும்மினேன். திரும்ப சாவியத் திருப்பினா ஸ்டார்ட்டர் மட்டும் காத்தாடியா சுத்துது. அறுந்தது அப்பத்தான், நின்ன வண்டில, வேகமே இல்லாம."

"தும்மறதுக்கு யாராவது இன்ஜினை அணைப்பாங்களா?"

"பஸ்ல பழகினது. ஒரு தடவை அணைக்காம தும்மினேன். ஜன்னல் கண்ணாடி அத்தனையும் தானா இறங்கிடுச்சு. கண்டக்டர் பை அடுத்த ஸ்டாப்புல கிடைச்சுது."

மெக்கானிக் அக்காவைப் பார்த்தான். "நிஜமா அக்கா?"

"வண்டிய நிறுத்துவாரு. அணைப்பாரான்னு தெரியாது. அந்த நேரத்துல நான் கண்ண மூடி, காதப் பொத்திக்குவேன்."

மெக்கானிக் புது பெல்ட்டை எடுத்தான். பெல்ட் ஓடும் பல்சக்கரங்களில் இருந்த குறிகளை நேர்கோட்டில் நிறுத்தி அதை மாட்டினான். பிறகு ஸ்பானரைப் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றினான், தூங்கும் குழந்தையைப் புரட்டுவதுபோல. டிரைவர் மூச்சை அடக்கிய அடக்கில் காது சிவந்தது. எதுவும் இடிக்கவில்லை.

"பொறுங்க, மீட்டர் சொல்லட்டும்" என்றவன், ஸ்பார்க் பிளக் துளையில், உள்ளே காற்றழுத்தம் நிற்கிறதா என்று காட்டும் கம்ப்ரஷன் மீட்டரை வைத்து அக்காவை சாவி திருப்பச் சொன்னான். முள் ஏறியது. அடுத்ததிலும் ஏறியது. கடைசித் துளையில் முள் கொஞ்சம் தயங்க, டிரைவரின் உயிரும் கூடவே தயங்கி, முள்ளோடு சேர்ந்து மேலே ஏறியது.

"எல்லா வால்வும் நல்லா மூடுது" என்றான் மெக்கானிக், நம்ப முடியாமல்.

டிரைவர் வண்டிப் பக்கம் நகர்ந்தார். மட்கார்டில் சாய்ந்து, யாரும் பார்க்காதபோது அதை இரண்டு தட்டு தட்டிக்கொடுத்தார். மனைவி பார்த்துவிட்டாள். "சரி சரி, கொஞ்சினது போதும். சாயங்காலம் செடி ஏத்தணும்" என்றாள். அவள் குரலும் லேசாகியிருந்தது.

"அதிர்ஷ்டம் அத்தான். தும்மல் கதைய மட்டும் வெளில சொல்லிடாதீங்க, என் பட்டறைக்கு அசிங்கம்."

வண்டியை ஓட்டிப் பார்க்க டிரைவரும் மெக்கானிக்கும் கிளம்பினார்கள். காலையில் ஏற்றிய எரு மூட்டைகள் பின்னால் அப்படியே இருந்தன. பாலத்து உச்சியை எட்டும்போது காற்று திரும்பி எரு தூசியை முன்னால் கொண்டுவந்தது. டிரைவர் பேச்சை நிறுத்தினார். மூக்கு மட்டும் துடித்தது. அவரைக் கேட்காமலே கைகள் வேலையைத் தொடங்கின: இண்டிகேட்டர், ஓரம், நியூட்ரல், சாவி. இன்ஜின் அடங்கியது.

பிறகு வந்தது தும்மல். கண்ணாடியில் தொங்கிய பொம்மை ஒரு முழு வட்டம் அடித்தது. பாலத்துப் புறாக்கள் அடுத்த ஊருக்குக் குடிபெயர்ந்தன.

டிரைவர் மூக்கைத் துடைத்துவிட்டு சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே சொடுக்கில் பற்றிக்கொண்டு பூனைபோல் உறுமியது.

மெக்கானிக் காதிலிருந்து விரலை எடுத்தான். அணைத்துத் திருப்பிய சாவியைப் பார்த்தான், முன்னால் கிடந்த இறக்கத்தைப் பார்த்தான்.

"ஒத்துக்கறேன் அத்தான். காலையிலயும் இப்படித்தான் நடந்திருக்கு."