கொக்கி வைத்த காலணா

செங்கல்பட்டில் பழைய நாணயம் பார்த்து விலை சொல்லும் நிபுணன் நான். பட்டத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். தகுதி, பிடி உடைந்த ஒரு பூதக்கண்ணாடி.

முட்டுக்காட்டில் படகு ஓட்டும் ஜான்சன் ஞாயிறுதோறும் கை நிறைய ஒரு ரூபாய்க் காசுகளோடு வந்துவிடுவான். அச்சு திரும்பி விழுந்த காசுக்கு லட்சம் கிடைக்கும் என்று யூடியூபில் எவனோ சொல்லிவிட்டான். முன்பக்கம் நேராக இருக்கையில் பின்பக்கம் சாய்ந்திருந்தால் அது அந்த ரகம். ஜான்சனோ காசைத் தோசைபோல் மேலிருந்து கீழாகப் புரட்டுவான். அப்படிப் புரட்டினால் நாட்டிலுள்ள அத்தனை காசும் தலைகீழாகத்தான் தெரியும். புத்தகப் பக்கம்போலத் திருப்பு என்று வாராவாரம் சொல்கிறேன். வாராவாரம் தலையாட்டுகிறான்.

இந்த ஞாயிறு மனைவி ரெபேக்காளும் வந்தாள். அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கிய ராஜா தலைக் காலணாவைக் கயிற்றோடு கழற்றி மேசையில் வைத்தான் ஜான்சன்.

"இது தேறிச்சுன்னா சொந்தப் படகு வாங்கிடுவேன் அண்ணாத்த."

"தேறக் கூடாதுன்னு ஜெபம் பண்ணிட்டு வந்துகிறேன்ண்ணா," என்றாள் ரெபேக்காள். "அது என் காசு."

உதட்டைப் பிதுக்கத் தயாராகக் காசைப் பக்கவாட்டில் திருப்பினேன். முன்னால் ராஜா நிமிர்ந்திருந்தார். பின்னால் எழுத்து சாவகாசமாகப் படுத்திருந்தது. மறுபடி திருப்பினேன். எழுந்திருக்கவில்லை.

"அசல்தான்," என்றேன். "பத்து டிகிரி சாஞ்சா எவனும் சீந்த மாட்டான். இது கால் வட்டமே திரும்பிக்கீது."

ஜான்சன் மனசுக்குள் படகுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தான். ரெபேக்காளின் கை வெறும் கழுத்தைத் தடவியது.

அப்போதுதான் ராஜாவின் உச்சந்தலையைப் பார்த்தேன்.

"இந்தக் கொக்கிய யாருடா பத்த வெச்சது?"

"நான்தான். இவள லவ் பண்ணச்சொல்லோ. தங்கம் வாங்க டப்பு இல்ல. வேணான்னா அறுத்துடலாம்."

"அறுத்தாலும் தழும்பு போவாது. பத்த வெச்ச காச சேகரிக்கிறவன் தொடவே மாட்டான். ஆமா, இன்னா இப்டி மின்னுது?"

"காலையில புளி போட்டுத் தேச்சேன்," என்றான் பெருமையாக. "அழுக்கா குடுத்தா உனக்கு மரியாதையா இருக்குமா?"

சேகரிப்பவன் தேடும் எண்பது வருடத்து நிறம், ஒரு உருண்டைப் புளியில் போயிருந்தது.

"இப்ப இதுக்கு ஒரு டீ வரும். பன்னு வராது."

ஜான்சன் நாற்காலியில் சரிந்தான். "கொக்கி வெக்காம இருந்தா?"

"படகுக்குல்லாம் வராது. அந்த லட்சம்லாம் கதை. ஆனா நல்ல வெல வந்துருக்கும்."

"கொக்கி வெக்காம இருந்தா நான் உன்னத் திரும்பியே பாத்துருக்க மாட்டேன்," என்றாள் ரெபேக்காள். "அத யோசி."

நிஜமாகவே யோசித்தான். கடைசியில் படகுதான் தோற்றது என்று நினைக்கிறேன். எழுந்து கயிற்றை அவள் கழுத்தில் கட்டினான்.

இப்படி ஒரு பிழைக்காக எத்தனையோ சந்தைகளில் குப்பை கிளறியவன் நான். கொக்கியும் தழும்பும் இருந்தால்தான் என்ன? "எனக்கு வேணா…" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

ரெபேக்காள் கணவனிடம் சொன்னாள்: "இன்னொரு முடிச்சு போடு. அண்ணன் பாக்கறதே சரியில்ல."

இரண்டாகப் போட்டான்.