செவ்வாய்க்கிழமை அத்தர்

நான் சௌகத் அலி. மாமல்லபுரத்தில் கிளிஞ்சல் மாலைக் கடை வைத்திருக்கிறேன். வயது அறுபத்தொன்று. போன வருடம் எனக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். ஆண் ஹார்மோனைத் தின்றுதான் அது வளருமாம். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டு அந்த ஹார்மோனையே வற்ற வைத்தார்கள்.

நோய் அடங்கியது. கூடவே நானும் அடங்கிப்போனேன். எனக்கும் என் மனைவி சைதூனுக்கும் ஒரு பழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை இல்லாத நாளில் நான் அத்தர் பூசினால் அது அவளுக்கு. அவள் கண்ணில் சுர்மா இட்டால் அது எனக்கு. ஊசிக்குப் பிறகு அவள் எதிரில் நின்று தலை துவட்டினாலும் நான் பேப்பர் படித்தேன். உடம்பு ஒத்துழைக்காததைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆசையே வராததுதான் அழவைத்தது. ஆசைப்படவே ஏங்கினேன்.

அடுத்த இரண்டு ஊசிக்கும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். நீங்கள் திட்டுவது காதில் விழுகிறது. திட்டுங்கள். இரண்டாவது ஊசியை விட்ட மறுமாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என்னையறியாமல் அத்தர் பூசிக்கொண்டேன். சைதூன் சுர்மாவோடு வந்தாள். எதுவும் கேட்கவில்லை. அதற்குப்பின் இரண்டு மாதம் கல்யாணமான புதிது மாதிரி இருந்தது.

இன்று காலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

"நோய் இல்லாதவங்களுக்கு இருக்கற அளவு ஹார்மோன் இருக்கு பாய்" என்றார் டாக்டர் கல்யாணி. வெட்கக்கேடு, ஒரு நொடி பரீட்சையில் தேறியவன் மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. "எத்தனை ஊசி விட்டீங்க? கட்டி மறுபடி வளருது. இன்னைக்கே போட்டாகணும்."

வெளியே பெஞ்சில் இருந்த சைதூனிடம் போனேன்.

"ரெண்டு ஊசி போட்டுக்கல" என்றேன்.

"தெரியும். அத்தரு பூசிக்கினு வந்தீங்களே, அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா போயி போட்டுக்குவீங்களே."

அவள் கண்ணைத் துடைத்தாள். சுர்மா கன்னத்தில் ஈஷிக்கொண்டது.

"தப்பு என்மேலயும் கீது. இப்ப சொல்றேன், போட்டுக்கினு வாங்க. ஆசையில்லாத ஆளா இருந்தாலும் பரவால்ல, எனக்கு நீங்க வேணும்."

போட்டுக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில், "ஊசி வேலை செய்ய மூணு வாரம் ஆவுமாம்" என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்குக் கடைய தொறக்க வேணாம்."