கயிற்றின் மறுமுனை

செவ்வாய்க்கிழமை கடல் தூங்கும் நாள். யாரும் வலை போடமாட்டார்கள். மீனவர்களைப் பிடித்து உட்காரவைக்க அதைவிட்டால் நாளேது என்று அராபா எல்மினா என்ற மீனவ ஊரின் கரைக்குப் போனாள். ஆப்பிரிக்கவியல் பட்டப்படிப்பில் கடைசி வருடம். வலை இழுப்பவர்கள் பாடும் பாட்டைப் பற்றிய ஆய்வேடு தேறினால்தான் ஆனர்ஸ், ஆனர்ஸ் கிடைத்தால்தான் மேல்படிப்பு. இல்லையென்றால் அம்மாவோடு மீனுக்குப் புகை போட உட்கார வேண்டியதுதான்.

வலை தைத்துக்கொண்டிருந்த எகோ, அவள் நீட்டிய போனைப் பார்த்துச் சிரித்தான்.

"கையில கயிறு இல்லாம அந்தப் பாட்டு வராது தங்கச்சி. நாளைக்கு வந்து இழு."

"நான் பதிவு பண்ணணுமே அண்ணே."

"வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு மீனும் கிடையாது, பாட்டும் கிடையாது."

மறுநாள் விடியலில் முப்பது பேர் நடுவே அவளும் வலைக் கயிற்றைப் பிடித்தாள். பைக்குள் போனில் பதிவை ஓடவிட்டு மணலில் வைத்திருந்தாள், கள்ளி. ஒருவன் பாட, மற்றவர்கள் ஏற்றுப் பாட, காலடி மணல் மெல்ல மெல்ல நழுவியது. நீரும் வானமும் ஒரே சாம்பல் நிறம். இழுப்பது தானா கடலா என்றே தெரியவில்லை; தன் குரல் எது, பக்கத்துக் குரல் எது என்றும் தெரியவில்லை. சொக்கிப்போனாள். வெயில் ஏறியபோது உள்ளங்கை கொப்புளித்திருந்தது. போனில் இருந்ததோ வெறும் அலைச் சத்தம்.

வெள்ளிக்கிழமை வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் டாக்டர் அகியெமான், உள்நாட்டு நகரமான குமாசிக்காரர். கடல் அவருக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

"ஏம்மா, அறுபது பக்கம் எழுதியிருக்க. பாட்டு எங்க?"

"பதிவு கெட்டுப்போச்சு சார். நானே பாடுறேன்."

வாயைத் திறந்தாள். ஒரு வரிகூட வரவில்லை. இரண்டு நாளாகத் தூக்கத்திலும் அதையே பாடியவள்! போச்சு, எல்லாம் போச்சு. வெறும் கைகள் மேசைக்கடியில் எதையோ தேடின.

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஒரு முனையை நீட்டினாள்.

"சார், இதைக் கொஞ்சம் பிடிங்க."

"என்ன விளையாட்டு இது?"

"பிடிங்க சார். விட்டுடாதீங்க, வலை போயிடும்."

என்ன நினைத்தாரோ, பிடித்தார். அவள் இழுத்தாள். பாட்டு தானாக வந்தது. மேசையும் சுவரும் மெல்லப் பின்வாங்கின. அறைக்குள் மணல் நழுவியது. முதல் அடியை முடித்து நிறுத்தினாள். ஏற்றுப் பாட ஆளில்லை. சும்மா விடுவாளா? அவரையே பார்த்தபடி காத்திருந்தாள். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தப்பும் தவறுமாகத் திருப்பிப் பாடினார். அடுத்த அடிக்குக் கொஞ்சம் தேவலை.

பாட்டு முடிந்ததும் மதிப்பெண் தாளை இழுத்து, 'ஆனர்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். துணியின் முனை அவருடைய இடக்கையிலேயே இருந்தது.

"இப்ப விடலாமாம்மா?" என்று கேட்டார்.