மூடாத கண்

ஹேரிம் மழலையர் பள்ளிக்குள் நுழைந்தபோதே சண்டைக்குத் தயாராகத்தான் நுழைந்தாள். மகள் போமியின் ஆள்காட்டி விரல் நகம் கறுத்துக் கிடந்ததை அன்று காலைதான் கவனித்திருந்தாள். ஐந்து வயதுக் குழந்தையின் விரல் நசுங்கும்வரை இந்த ஆசிரியைகள் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தார்களா? பேருந்தில் வரும்போதே கேள்விகளைக் கூர் தீட்டி வைத்திருந்தாள்.

ஆசிரியை சின்னப் பெண். குரலை உயர்த்தவே இல்லை.

"போமி அம்மா, கோவிச்சுக்காதீங்க. இங்க நடக்கல. உங்க வீட்டு பால்கனிக் கதவுல மாட்டிக்கிச்சாம்."

"என் வீட்டுல எனக்குத் தெரியாம எப்படிங்க நடக்கும்?"

ஆசிரியை தயங்கினாள். "உங்களுக்குத் தெரியும்னு சொல்றா. 'அம்மா பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க, எந்திரிச்சு வரல'ன்னு சொன்னா. நானே உங்களக் கூப்பிட்டுப் பேசலாம்னுதான் இருந்தேன்."

ஹேரிம் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் போமி காலணியைத் தானே மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஹேரிமின் கண்ணின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்த குளிர்காலத்தில் மகளுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று சியோலில் எந்தத் தாயும் யோசித்து மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. ஹேரிமின் அம்மாவும் மகளை அழகு அறுவை மருத்துவமனைகள் வரிசைகட்டி நிற்கும் அப்குஜங்கிற்குக் கூட்டிப்போய், கண் பெரிதாகத் தெரிய இமையில் மடிப்பு வைக்கச் செய்தாள். பிறகு வேலை விண்ணப்பத்தில் ஒட்டும் புகைப்படத்துக்கு அந்த மடிப்பு போதாது என்று ஹேரிமே ஒரு முறை வெட்டிக்கொண்டாள். போமி பிறந்தபின் ஒரு பக்கம் தளர்ந்துவிட்டது என்று மறுபடியும் போய்ப் படுத்தாள். அந்த முறைதான் வினை. தோலை அதிகமாக எடுத்ததில் இமை குட்டையாகிவிட்டது. பகலில் பார்ப்பவர்களுக்குப் பெரிய, அழகான கண்கள். தூங்கினால் பாதி திறந்தே கிடக்கும், இறுக்கினாலும் முழுதாக மூடாது. "இனிமே தொட முடியாதுங்க, எடுத்து வைக்கத் தோல் மிச்சமில்ல" என்றார் மருத்துவர். முதல் நாள் வரவேற்றபோது இருந்த அதே சிரிப்பு அப்போதும் அவர் முகத்தில் இருந்தது.

வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மாமியாருக்கு விஷயமே தெரியாது. "மருமக கண்ணு எவ்வளவு அழகு! பேத்திக்கு மட்டும் என் மகன் கண்ணு வந்து ஒட்டிக்கிச்சு. கவலைப்படாதடி போமி, பரீட்சை முடியட்டும், பாட்டியே செஞ்சு விடறேன்" என்று அவள் அங்கலாய்க்கும்போது ஹேரிம் தலையைக் குனிந்து முள்ளங்கி நறுக்குவாள். உள்ளதைச் சொன்னால் போமியுடையது ஹேரிமின் பழைய கண்ணேதான், அச்சு அசலாக.

போமி மூன்று வயதில் ஒரு மதியம் தூங்கி எழுந்து, அம்மாவின் திறந்த கண்ணைப் பார்த்து வீறிட்டாள். ஹேரிம் அவளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். "பயப்படாத செல்லம். அம்மா தூங்கினாலும் உன்னையேதான் பாத்துக்கிட்டிருப்பேன். அதுக்குத்தான் கண்ணு மூடறதே இல்ல."

கணவன் தொசிக்கும் சேர்ந்துகொண்டான். "ஆமாண்டி, உங்கம்மாகிட்ட ஒண்ணும் செல்லாது. குறட்டை விட்டுக்கிட்டே நீ மிட்டாய் திருடறதப் பாத்துருவா."

எல்லோரும் சிரித்தார்கள். மருத்துவர் கெடுத்தது தாயின் அன்பாக ஆகிவிட்டது. கேட்கக் கேட்க ஹேரிமுக்கே அது உண்மைபோல இனித்தது. பொய் சொன்னோம் என்ற எண்ணம்கூட அவளுக்கு வரவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சளி மருந்து குடித்துவிட்டு அடியில் சூடேற்றிய வெதுவெதுப்பான தரையில் அடித்துப் போட்டதுபோல் தூங்கியது இப்போது ஹேரிமுக்கு நினைவுக்கு வந்தது. அதன்பிறகுதான் போமி மாறினாள். உடை மாற்ற, கை கழுவ, பால் டப்பாவைத் திறக்கக்கூட அம்மாவைக் கூப்பிடுவதில்லை. 'எங்க போமி எல்லாத்தையும் தானே செஞ்சுக்குவா' என்று ஹேரிம் எதிர்வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சோற்றைக் கடற்பாசித் தாளில் சுருட்டிக் கொடுத்தபடி கேட்டாள். "போமி, விரல் மாட்டினப்ப அம்மாவக் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேனே. கிட்ட வந்து கையக் காட்டினேன். நீ பாத்த."

"அம்மா தூங்கிட்டேன்டா செல்லம்."

"தூங்கினாலும் பாப்பேன்னு நீதானே சொன்ன?" குழந்தையின் குரலில் கோபமே இல்லை. "காலையில நான் பார்லி டீயக் கொட்டிட்டேன்ல? அதுக்குத்தான் வரலன்னு நெனச்சேன். அப்புறம் நானே குழாயில கைய வெச்சுக்கிட்டேன். அழவே இல்ல, தெரியுமா?"

ஒரு மாதமாக இந்தப் பிஞ்சு இதைச் சுமந்துகொண்டு எதிரில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறது.

"அது பொய்டா. தூங்கும்போது அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. நீ வந்தது தெரியல. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன்."

"அப்ப கண்ணு ஏன் தொறந்திருக்கு?"

"டாக்டர் வெட்டினாரு. சரியா வெட்டல, அதான் மூடல."

"கண்ணுல புண்ணா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் வெட்டினாரு?"

பள்ளம் எங்கே இருக்கிறது என்று ஹேரிமுக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு பொய்யைச் சொல்லலாம். அந்தப் பொய்களின் லட்சணம்தான் கறுத்த நகமாக எதிரில் இருந்ததே! "நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றாள்.

"வெட்டறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

ஹேரிம் தண்ணீர்க் குவளையை எடுத்தாள், குடிக்காமலே வைத்தாள்.

"உன் கண்ணு மாதிரி."

போமி மெல்லுவதை நிறுத்தினாள். நகம் கறுத்த அந்த விரல் மேலே போய், மடிப்பில்லாத இமையைத் தடவிப் பார்த்தது. "அதான் பாட்டி எனக்கும் செஞ்சு விடறேன்னு சொல்றாங்களா?"

"இல்லடா! உன் கண்ணு அழகு. சத்தியமா அழகு."

"அப்ப நீ ஏன் வெட்டிக்கிட்ட?"

ஹேரிம் இன்னொரு கவளத்தைச் சுருட்டி நீட்டினாள். போமி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கி, கிண்ணத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு, தன் மெத்தையைத் தானே இழுத்து விரித்தாள்.

"நான் படுத்துக்கறேன். என்னப் பாக்காதம்மா."

சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

பார்க்கக் கூடாது என்று ஹேரிம் கண்களை இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். மூடாமல் நின்ற இடுக்கில் அந்தச் சின்ன முதுகு தெரிந்துகொண்டே இருந்தது.