நூற்றுப் பன்னிரண்டு

கல்ஃப் சாதனத்தைக் கொண்டுவந்த அன்றைக்கே எடுத்து உபயோகிக்கிற அல்பப் புத்தி எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. என் தம்பி சத்தியராஜ் மஸ்கட்டிலிருந்து பெட்டி கொண்டுவந்தால் சோப்பு, சென்ட், தைலம், டார்ச் லைட் எல்லாம் நேராக என் பீரோவுக்குள் பட்டுச்சேலைக்கு அடியில் போகும். நல்ல நாள் வரும்போது எடுக்கலாம். அப்படி ஒரு நல்ல நாளில் எடுத்த சாக்லேட் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. அதையும் தின்றோம், ஒருத்தரும் சாகவில்லை.

2008 கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அவன் சர்க்கரை பார்க்கிற மிஷின் ஒன்றும், அதில் சொருகுகிற ஸ்ட்ரிப் பன்னிரண்டு டப்பாவும் கொண்டுவந்தான். என் வீட்டுக்காரர் ஜஸ்டஸ் கீரிப்பாறை ரப்பர் தோட்ட ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். ஐந்து வருசமாகச் சர்க்கரை.

"அக்கா, வாரத்துக்கு ஒருக்கா அத்தானுக்குப் பாரு" என்றான்.

பத்திரமாகப் பூட்டி வைத்தேன். ஜங்ஷனில் லேப் இருக்கும்போது கல்ஃப் சாதனத்தை எதற்கு அழிக்க வேண்டும்?

லேபில் ஒவ்வொரு மாதமும் இருநூற்று இருபது, இருநூற்று நாற்பது என்று வரும். சும்மா இருக்கிற ஆளா நான்? "சாவுக்கு நாள் குறிச்சிட்டு வந்திருக்கீங்களோ?" என்று காலையில் தொடங்கினால் மத்தியானம் வரைக்கும் போகும். பக்கத்து வீட்டு நேசபாய் அடுப்பில் தோசை கரிவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

2011 ஜனவரியில் லேப்காரன் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். வேறு வழியில்லாமல் பீரோவைத் திறந்தேன். டப்பாவைத் திறந்து ஸ்ட்ரிப் சொருகுவது அவர் வேலை, விரலில் குத்துவது என் வேலை என்று பிரித்துக்கொண்டோம். முதல் நாள் வந்த எண்ணை அவர் சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"நூத்திப் பன்னெண்டு."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று சிரித்துவிட்டேன். நான் கொடுத்த வெந்தயத் தண்ணீரின் பலன் என்று ஊரெல்லாம் சொன்னேன். அடுத்த வாரம் நூற்றெட்டு. அதற்கடுத்த வாரம் நூற்றுப் பதினைந்து. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வயிறு நிறைய விளம்பினேன். ஈஸ்டருக்குக் கருப்பட்டிப் பாகு சேர்த்து முந்திரிக்கொத்து சுட்டு என் கையாலேயே கொடுத்தேன். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை.

செப்டம்பரில் அவருக்கு வலது காலில் செருப்பு கடித்தது. புண் ஆறவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டார். "சர்க்கரை இல்லாத மனுசனுக்குப் புண்ணு தானா ஆறும்" என்று மஞ்சள் பூசினேன். மூன்றாவது வாரம் விரல் கறுத்துவிட்டது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நானூற்றுப் பத்து. இரண்டு விரலை எடுக்க வேண்டும், பாதம் நிற்குமா என்று பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். எனக்கு வந்ததே கோபம். "உங்க மிஷின் கேடாயிருக்கும்" என்று எங்கள் டப்பாவை மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஸ்ட்ரிப்புக்குத் தேதி 2009 ஆகஸ்டோட முடிஞ்சு போச்சேம்மா."

வெளியே வந்து மஸ்கட்டுக்குப் போன் போட்டுத் தம்பியைப் பிடித்து விளாசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "நான் தரும்போ எட்டு மாசம் பாக்கி இருந்துதே அக்கா. நீ எப்பம் வெளிய எடுத்த?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

விரலை எடுத்து மூன்றாம் நாள். கட்டிலில் படுத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"அந்தத் தேதி எனக்குத் தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"முதல் நாளே. டப்பாவில போட்டிருந்துதே."

"பின்ன ஏன் சொல்லல? பாவி மனுசா, காலு போனா என்ன செய்யதுக்கு?"

"சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ சிரிச்சிட்ட. கல்யாணம் கெட்டி முப்பத்தாறு வருசத்தில எனக்க முகத்தப் பாத்து நீ அப்படிச் சிரிச்சதில்ல. அடுத்த வாரம் சொல்லலாம்னு நெனச்சேன். அப்பவும் சிரிச்ச. ஏசாம சோறு விளம்பின. அது போதும்னு இருந்துட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த நேரம் நர்ஸ் வந்து அவர் விரலில் குத்தினாள். "இருநூத்தி அறுபது" என்று அட்டையில் எழுதினாள். அவர் மிஷினையும் பார்க்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை. தப்புச் செய்த பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சிரித்தேன். முடிந்த மட்டும் நன்றாகத்தான் சிரித்தேன்.

"அழாத, பிள்ளே" என்றார்.