குறிப்பலகைக்கு முன்னால்

ஊர்வலம் சதுக்கத்துக்குள் நுழைவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்கா அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். வில்லாளிகளின் தலைவனான குஸ்மா, இறகுத் தொப்பியைச் சரிசெய்தபடி குனிந்தான்.

"அண்ணா, இன்னிக்கு என் வீட்டுக்காரரை வில் எடுக்க விடாதே. கை நடுங்குது."

"பார்துலுக்கா? இருபது வருஷமா குறி தப்பாம அம்பு விடறான்டி. காலையிலயே சண்டையா ரெண்டு பேருக்கும்?"

"சண்டையில்ல. சூப் கரண்டி வாய்க்குப் போய்ச் சேர மாட்டேங்குது. கேட்டா, தூக்கத்துல மரத்துப்போச்சுங்கறார்."

முரசு முழங்கியது. குஸ்மா முன்னால் போய்விட்டான்.

ராப் தீவே வில் திருவிழாவுக்காகச் சதுக்கத்தில் அடைந்து கிடந்தது. ஜூலை வெயிலில் கல்தரை கொதித்தது. குறிப்பலகையை ஒட்டிய கயிற்றுக்கு அப்பால், வெளியூர்க்காரர்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார்கள். மற்ற வருஷங்களில் அந்தக் கூட்டம் தோன்காவின் கண்ணில் பட்டதே இல்லை. கணவனின் அம்பு பலகையை விட்டு வேறெங்கும் போனதில்லை. இன்று அவளுக்கு அந்தப் பிள்ளைகள் மட்டுமே தெரிந்தார்கள்.

பார்துலின் முறை வந்தது. விசையை அழுத்தி எய்யும் அந்தக் கனத்த வில்லை மரத் தாங்கியில் வைத்து, அம்பைப் பொருத்தி, கன்னத்தை ஒட்டிக் குனிந்தான். சதுக்கம் அடங்கியது. அம்பின் முனை பலகையை நோக்கி நிலைத்து நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டி வெளியே போய்த் திரும்பி வந்தது. நிமிர்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான். குஸ்மா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

தோன்கா கயிற்றுக்கு அடியில் நுழைந்து, நேராக நடந்து, பலகைக்கு முன்னால் போய் நின்றாள்.

ஏதோ கூத்து என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. "பொண்டாட்டிகிட்ட மாட்டிக்கிட்டான்யா!" என்று ஒருவன் கத்தினான்.

"தள்ளு, தோன்கா."

"மாட்டேன்."

"ஊர் முன்னாடி மானத்தை வாங்காதே."

"அடிங்க. நான் இங்கதான் நிக்கப் போறேன்."

 வில்லின் விசை மேலிருந்த அவன் விரலையே பார்த்தாள். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, மெல்ல, இடது கையால் வலது கையைப் பிடித்து விசையிலிருந்து எடுத்தான்.

"குஸ்மா, அம்பை நீ எடுத்துரு. என்னால முடியல."

குஸ்மா ஓடிவந்தான். மைத்துனனின் கையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. கூத்து முடிந்தது என்று நினைத்துக் கூட்டம் விடாமல் கைதட்டியது. பார்துல் தொப்பியைக் கழற்றி, அவர்களுக்குத் தலைவணங்கினான்.

இருவரும் கடலுக்கு இறங்கும் சந்துக்கு வந்தார்கள். பார்துல் சுவரோரம் நின்று, மார்புக் கவசத்தின் கழுத்து வாரை அவிழ்க்கப் பார்த்தான். கொக்கி நழுவியது. மறுபடியும் நழுவியது. தோன்கா கையை நீட்டவில்லை. அடுத்த வில்லாளிக்காக முரசு ஒலிப்பதைக் கேட்டபடி நின்றாள். வெகுநேரம் கழித்து அவன், கொக்கியை அவளே அவிழ்க்கட்டும் என்று முகவாயை உயர்த்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.